வரம்பின் முகப்பு

ஜெனீற்றா காலையிலேயே கொழும்பிலிருந்து அழைத்தாள்.

"அண்ணை, உங்கட பக்கத்தைத் திறந்தாப் புல்லாங்குழல் வாசிக்குது," என்றாள்.

நான் புங்குடுதீவு மடத்துவெளியில், என் வீட்டுக் குசினியில் தேநீருக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"வரம்பின்ர பக்கம்தான். நேற்று மீற்றிங்கில பெரிய திரையில திறந்தனான். வதனி அக்கான்ர படம் வந்துது, மாலையோட. பக்கத்தில விளக்கு எரிஞ்சுது. மேலயிருந்து பூக் கொட்டிச்சுது. பிறகு குழல். எனக்கு அதை நிப்பாட்டத் தெரியேல்லை."

"பிறகு?"

"பிறகென்ன, எல்லாரும் எழும்பி நிண்டவை."

அடுப்பை அணைத்தேன்.

வரம்பு ஒரு நிரல்மொழி. இயந்திரங்களுக்குக் கட்டளை எழுதுவதற்கான மொழி. அதை ஆக்கியவள் என் மனைவி பிரியவதனி, எங்களுக்கு வதனி. உலகத்தில் நிரல்மொழிகள் ஏராளம். பெரிய கம்பனிகளும் பெரிய பல்கலைக்கழகங்களும் ஆக்கியவை. வரம்பை மடத்துவெளியில் ஒரு சாப்பாட்டு மேசையில் இருந்து அவள் ஒருத்தி ஆக்கினாள். அதே மேசையின் மறுபக்கத்தில் நான் வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு மென்பொருள் எழுதினேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருவரும் ஒரே வகுப்பு. அவளுடைய மூளையில் பாதி எனக்கு இல்லை. இதைச் சொல்ல எனக்கு ஒருபோதும் கூச்சம் இருந்ததில்லை.

எழுவைதீவில் ஒரு பொதுத் தண்ணீர்த் தாங்கியின் மோட்டார் எரிந்துபோனதை அவள் ஒருமுறை பார்த்தாள். கிணற்றில் தண்ணீர் இல்லை. மோட்டார் வெறும் காற்றை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அதை இயக்கிய நிரலில், எது வரை போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்று எழுதப்படவில்லை. வள்ளத்தில் திரும்பி வந்தாள். வீட்டுக்கு வந்ததும் மேசையில் இருந்து வரம்பைத் தொடங்கினாள்.

வரம்பில் ஒரு இலக்கத்தைத் தனியாக எழுத முடியாது. அதன் கீழெல்லையையும் மேலெல்லையையும் சேர்த்தே எழுத வேண்டும். தாங்கியில் தண்ணீர் பூச்சியத்திலிருந்து இருநூறு சென்ரிமீற்றர் வரை நிற்கலாம் என்று எழுதினால், அதற்குப் பிறகு எந்த வரியிலாவது அந்த எல்லை மீறப்பட வாய்ப்பிருந்தால், மொழி அந்த நிரலை ஏற்காது. ஏன் ஏற்கவில்லை என்று சொல்லும். இயந்திரம் ஓடத் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடும். இதுதான் வரம்பு. சிறிய மொழி. தன் வேலையை வேறு எந்த மொழியும் செய்யாத அளவுக்குத் திருத்தமாகச் செய்யும் மொழி.

ஜெனீற்றா ஊர்காவற்றுறைப் பெண். எங்களுக்கு அடுத்த வருடம் படித்தவள். கடல்நீரைக் குடிநீராக்கும் சிறிய இயந்திரங்கள் செய்யும் கம்பனி ஒன்றில் வேலை. அவர்களுடைய புதிய இயந்திரங்களுக்கு வரம்பில்தான் கட்டளை எழுத வேண்டும் என்று அங்கே ஒரு வருடமாக வாதாடிக்கொண்டிருந்தாள். முதல் இயந்திரம் எழுவைதீவுக்குப் போகவிருந்தது.

"தலைமைப் பொறியியலாளருக்குத் தமிழ் தெரியாது, அண்ணை. பக்கத்தை மெசின் மொழிபெயர்ப்பில வாசிச்சவர். வரம்பு மண்கும்பானில பிறந்து போன மார்கழிக்கு முதல் மார்கழியில காலமானதாம். மொழிக்குச் சுவிசில பெறாமக்கள் இருக்கினமோ எண்டு சிரிக்காமக் கேக்கிறார்."

"அவர் என்ன முடிவெடுத்தார்?"

"செத்துப்போன மொழியில இயந்திரம் செய்யேலாதாம். அடுத்த திங்கள் கடைசிக் கூட்டம். அதுக்குள்ள ஏதாவது செய்யுங்கோ. இல்லாட்டி வேற மொழியை எடுத்திடுவினம். எடுத்தாப் பிறகு பத்து வருசத்துக்கு மாத்தமாட்டினம்."

பிரியவதனி டெங்குக் காய்ச்சலில் இறந்தாள். கடந்த மார்கழியில் அவளுடைய முதலாவது ஆண்டுத் திவசம் வந்தது. அவளுடைய அண்ணன் சுஜிதன் ரொறன்ரோவில் இருக்கிறான். தங்கச்சியின் நினைவாக அவளுடைய இணையப் பக்கத்தைத் தான் திருத்திக் கட்டித் தருவதாகச் சொன்னான். சரி, செய்யும் என்றேன். அந்த வருடம் யார் எதைக் கேட்டாலும் அப்படித்தான் சொன்னேன். பக்கத்துக்கான கடவுச்சொல்லை அனுப்பினேன். பிறகு அதைத் திறந்து பார்க்கவில்லை.

இப்போது திறந்தேன்.

மேலே பொன்னிற எழுத்தில் 'வரம்பு'. அதன் கீழே 'முதலாம் ஆண்டு நினைவஞ்சலி'. நடுவில் கலியாணச் சேலையில் அவளுடைய படம். இடப்பக்கம் தோற்றம், வலப்பக்கம் மறைவு, இரண்டுக்கும் திகதிகள். படத்துக்குக் கீழே, மண்கும்பானைப் பிறப்பிடமாகவும் புங்குடுதீவு மடத்துவெளியை வதிவிடமாகவும் கொண்டிருந்த அமரர் பிரியவதனி, காலஞ்சென்ற ஏரம்புவினதும் சறோஜினிதேவியினதும் அன்பு மகளும், சசிகரனின் பாசமிகு மனைவியும், சுஜிதனின் அருமைச் சகோதரியும் ஆவார் என்று தொடங்கி, பெரியப்பாமார், சின்னம்மாமார், மைத்துனிமார், பெறாமக்கள் எல்லோரும் நாடு நாடாக வரிசையில் நின்றார்கள். ஒருவரையும் விடவில்லை. விட்டிருந்தால் சுஜிதன் அந்த நாட்டுப் பக்கம் தலைகாட்ட முடியாது. 'தகவல்: குடும்பத்தினர்.' அதற்கும் கீழே, தேடிப் பார்த்தால், சிறிய எழுத்தில் மொழியைத் தரவிறக்குவதற்கான இணைப்பு.

பூக் கொட்டியது. குழல் வாசித்தது. நான் ஒலியைக் குறைத்தேன்.

யாழ்ப்பாணத்தில் கலியாண அல்பங்களும் அஞ்சலிப் பக்கங்களும் செய்யும் ஒருவரிடம் வேலையைக் கொடுத்திருந்தான். அவர் தனக்குத் தெரிந்ததைச் செய்திருந்தார். நன்றாகவே செய்திருந்தார்.

அவள் செய்த பழைய பக்கத்தின் பிரதி என்னிடம் இருந்தது. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. மொழி என்ன செய்யும் என்று மூன்று வசனங்கள். ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்குள் யாரும் வரம்பில் எழுதி அங்கேயே ஓட்டிப் பார்க்கலாம். கீழே கையேடு, அறியப்பட்ட பிழைகளின் பட்டியல், கடைசிப் பதிப்பின் திகதி. படம் இல்லை. நிறம் இல்லை. தொலைபேசி அலை சரியாகக் கிடைக்காத தீவில் நின்றும் திறக்க வேண்டும் என்பாள். எழுவைதீவு இறங்குதுறையில் நின்று திறந்து பார்த்த பிறகுதான் அதை வெளியிட்டாள்.

பழைய பக்கத்தைத் திரும்பப் போடுவது சின்ன வேலை. ஆனால் மாமியிடம் சொல்லாமல் செய்ய முடியாது. பின்னேரம், கடலுக்கு நடுவே போகும் தாம்போதி வழியாக மோட்டார் சைக்கிளில் மண்கும்பானுக்குப் போனேன்.

மாமி, அதாவது வதனியின் தாய் சறோஜினிதேவி, கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய வாய்க்கு அந்தப் பகுதியில் இன்னும் மரியாதை உண்டு. நான் போனபோது முன்விறாந்தையில் கதிரையைப் போட்டு, கைத்தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கோ தம்பி. பொறுங்கோ, இண்டைக்கு இன்னும் ஏத்தேல்லை," என்றார்.

திரையில் மகளின் படத்துக்குக் கீழே 'விளக்கேற்றுக' என்று ஒரு பொத்தான் இருந்தது. அமர்த்தினார். சிறிய சுடர் ஒன்று எழும்பியது. ஏற்றியவர்களின் தொகை ஒன்றால் கூடியது.

"பார்த்தியளோ? நோர்வேயில இருந்தெல்லாம் ஏத்தினம்."

"மாமி, அவை மொழியைப் பாவிக்கினமோ?"

"அது எனக்குத் தெரியாது. விளக்கேத்தினம்."

நான் வந்த காரணத்தைச் சொன்னேன். கூட்டத்தில் எல்லோரும் எழும்பி நின்றதைச் சொன்னபோது மாமியின் முகம் மலர்ந்தது.

"நல்ல மரியாதை தெரிஞ்ச ஆக்கள்."

"அவை மொழி செத்துப்போச்செண்டு நினைச்செல்லோ எழும்பினவை."

மாமி சுஜிதனுக்கு வீடியோ அழைப்பு எடுத்து விசயத்தைச் சொன்னார். அங்கே குளிர்காலத்துக் காலை. அவன் வேலைக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"மச்சான், அந்தப் பழைய பக்கத்தை என்ர வேலைத்தலத்தில காட்டினனான்," என்றான். "என்ர தங்கச்சி செய்த மொழி எண்டு சொல்லித்தான் காட்டினனான். இது என்ன, இன்னும் கட்டி முடியேல்லையோ எண்டு கேட்டாங்கள். எனக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு யோசியும். அவள் இவ்வளவு பெரிய வேலையைச் செய்துபோட்டு வெறும் வெள்ளைக் கடுதாசி மாதிரி ஒண்டை விட்டிட்டுப் போயிருக்கிறாள். ஆர் நம்புவான்?"

"இப்ப காட்டினா என்ன சொல்லினம்?"

"இப்ப கை குடுக்கிறாங்கள்."

"எதுக்கு?"

"அனுதாபம் எண்டு," என்றான்.

மாமி சிரித்தார். அவன் சிரிக்கவில்லை.

"அப்ப கொழும்பு ஆக்கள் சொல்லுறதுதான் சரியோ? வீடு வாங்க வாறவன் மதிலைப் பார்க்காமல் வாங்குவானோ மச்சான்?"

"மதிலைப் பார்ப்பான். மதிலில கண்ணீர் அஞ்சலி ஒட்டிக்கிடந்தா உள்ள வரமாட்டான்."

மாமி போனைத் திருப்பித் தன் பக்கம் பிடித்தார். "இரண்டு பேரும் பொறுங்கோ. தம்பி, நீங்கள் படத்தை எடுக்கப் போறியளோ? அதைச் சொல்லுங்கோ."

"உள்ளுக்கு ஒரு பக்கத்தில போடலாம், மாமி. ஆக்கியவர் எண்டு."

"உள்ளுக்கு ஆர் வருவினம்? அவள் முன்னுக்கு இருக்கிறாள். நான் காலமை எழும்பி அவளைப் பார்க்கிறன். கேட்டு வந்தவைக்குக் காட்டுறன். அந்த வெள்ளைக் கடுதாசியில அவள் எங்க இருக்கிறாள்?"

இதற்கு நான் பேசிப் பதில் சொல்ல முடியாது என்று தெரிந்தது. மடிக்கணினியைத் திறந்து, பழைய பக்கத்தின் பிரதியை எடுத்து, மாமியின் முன் ஸ்டூலில் வைத்தேன். பெட்டியைக் காட்டினேன்.

"இதுக்குள்ள எழுதலாம். தாங்கி எண்டு எழுதுங்கோ. எவ்வளவு கொள்ளும் எண்டும் எழுதுங்கோ."

மாமி ஒரு விரலால் எழுதினார். தமிழ்ச் சொல்லிலும் எழுதலாம், ஆங்கிலச் சொல்லிலும் எழுதலாம். அவள் இரண்டுக்கும் இடம் வைத்திருந்தாள். தாங்கி, பூச்சியம் முதல் இருநூறு வரை.

"இப்ப அதுக்குள்ள ஐந்நூறு ஊத்துங்கோ."

"அது எப்பிடிக் கொள்ளும்?"

"ஊத்திப் பாருங்கோ."

எழுதினார். ஓட்டுவதற்கான பொத்தானை நான் அமர்த்தினேன். பெட்டிக்குக் கீழே கறுப்பு எழுத்தில் மறுமொழி வந்தது.

'இருநூறு கொள்ளுற தாங்கிக்குள்ள ஐந்நூறு ஊத்தப் போறீர். மிச்சம் எங்க போகும் எண்டு யோசிச்சீரோ?'

மாமி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து திரும்ப வாசித்தார்.

"இது ஆர் எழுதினது?"

"வதனிதான். மொழி சொல்லுற பிழைச்செய்தி எல்லாம் அவள்தான் எழுதினவள்."

"இது நான் கடையில கதைக்கிற கதையெல்லோ!"

ஓம் என்றேன். பிற மொழிகளில் பிழைச்செய்தி எழுதுபவர்கள் இயந்திரம் பேசுவதுபோல எழுதுவார்கள். வாசிப்பவனுக்குத் தான் என்ன பிழை விட்டான் என்று கடைசிவரை விளங்காது. பிரியவதனி சொல்லுவாள், பிழை விட்ட ஆளுக்கு அதை விளங்கவைக்க அம்மாவைப்போல ஒருவரும் இல்லை என்று. சின்ன வயதில் சங்கக்கடை மேசைக்குப் பின்னால் இருந்து கேட்டுக் கேட்டுப் பழகியவள். ஆங்கிலத்தில் எழுதிய செய்திகளும் அதே குரல்தான். ஜேர்மனியில் ஒருவர், இந்த மொழி என்னை ஏசுகிறது, ஆனால் சரியாக ஏசுகிறது என்று எழுதியிருந்தார்.

மாமி அடுத்த பிழையைத் தானாகவே விட்டார். தாங்கிக்கு எல்லை எழுதாமல் ஓட்டினார்.

'அடியும் சொல்லேல்லை, நுனியும் சொல்லேல்லை. அளக்காத சாமானை நான் எப்பிடி நிறுக்கிறது?'

"கள்ளி," என்றார் மாமி. "என்னை அப்பிடியே எழுதி வைச்சிருக்கிறாள்." இன்னொன்று விட்டார். பிறகு இன்னொன்று.

ரொறன்ரோவிலிருந்து சுஜிதன் கத்தினான். "அம்மா, நீங்கள் எழுதுறதெல்லாம் பிழையாப் போகுது!"

"பிழை விட்டாத்தானே மோனே கதைக்குது!"

அப்படி என்ன எழுதியிருக்கிறது, வாசியுங்கோ என்றான் அவன். மாமி வாசித்தார். தன் குரலில், தன் கடைக்குரலில் வாசித்தார். அவன் சிரித்ததைக் கேட்டேன். இந்தச் செய்திகளை அவன் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறான்.

மாமி போனில் விளக்குப் பக்கத்தை இன்னொருமுறை பார்த்தார். பிறகு மூடினார்.

"படத்தை உள்ளுக்குப் போடுங்கோ தம்பி. பெயரை மட்டும் முன்னுக்கு விடுங்கோ."

"பெரிசாப் போடும், மச்சான்," என்றான் சுஜிதன்.

"மொழியின்ர பெயரைவிடப் பெரிசாப் போடேலாது."

"அப்ப அதே அளவு."

சரி என்றேன்.

அன்றே மாற்றினேன். வெள்ளைப் பக்கம் திரும்ப வந்தது. 'வரம்பு. ஆக்கியவர்: பிரியவதனி.' விளக்கும் படமும் உறவினர்களும் உள்ளே தங்களுக்கென்று ஒரு பக்கத்தில் இருந்தார்கள். குழலை மட்டும் எடுத்துவிட்டேன். ஜெனீற்றாவுக்கு அறிவித்தேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த நாள் அவள் அழைத்தாள்.

"பக்கம் நல்லாயிருக்காம். இப்ப மொழி மாதிரிக் கிடக்கு எண்டவர்."

"அப்ப சரிதானே."

"சரியில்லை. கடைசி வரைக்கும் கீழ போய்ப் பார்த்திட்டார்."

அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கீழே கடைசிப் பதிப்பின் திகதி இருந்தது. வதனி இறப்பதற்கு முந்திய கார்த்திகை. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அறியப்பட்ட பிழைகளின் பட்டியல் மட்டும் நீண்டிருந்தது. ஆட்கள் எழுதியிருந்தார்கள். ஒருவருக்கும் பதில் போகவில்லை.

"ஆக்கள் இருக்கிற வீடோ எண்டு கேக்கிறார் அண்ணை," என்றாள். பிறகு, "குறை நினைக்காதேங்கோ. நான் என்ன சொல்லட்டும்?"

"திங்கட்கிழமை நானும் கூட்டத்துக்கு வாறன் எண்டு சொல்லும்."

போனை வைத்துவிட்டு அந்தப் பட்டியலைத் திறந்தேன்.

அதன் மேலே இருந்தது பிலிப்பைன்சில் இறால் வளர்க்கும் ஒருவர் எழுதியது. அவர் தன் குளங்களின் பம்பிகளுக்கு வரம்பில் கட்டளை எழுதியிருந்தார். தண்ணீர் மட்டத்தை அளக்கும் கருவியின் வயரை எலி கடித்துவிட்டது. கருவியிலிருந்து செய்தி வரவில்லை. வரம்பு அதைப் பூச்சியம் என்று எடுத்துக்கொண்டது. பூச்சியம் எல்லைக்குள்தான் இருக்கிறது. எனவே ஒரு குறையும் சொல்லவில்லை. குளம் வெறுமை என்று நினைத்துப் பம்பி இறைத்துக்கொண்டே இருந்தது. குளம் நிரம்பி இறால்கள் வரப்பால் வெளியே போய்விட்டன. அவர் கோபமாக எழுதவில்லை. மொழி தனக்குப் பிடிக்கும் என்றும், இதை மட்டும் யாராவது பார்ப்பீர்களா என்றும் எழுதியிருந்தார்.

பதில் வராததும் பூச்சியமும் ஒன்றல்ல. இதை வதனி கண்டிருந்தால் அன்றைக்கே திருத்தியிருப்பாள். எழுவைதீவில் இதே பிழை வந்தால், உப்பே இல்லை என்று நினைத்து இயந்திரம் உப்புநீரைத் தாங்கிக்குள் விட்டுக்கொண்டிருக்கும்.

அவளுடைய நிரலைத் திறந்தேன். அவள் போன பிறகு முதல் தடவை.

நான் பயந்ததுபோல எதுவும் நடக்கவில்லை. வாசிக்க முடிந்தது. எந்த வேலை எங்கே நடக்கும் என்று நினைத்தேனோ அங்கேயே நடந்தது. தேவையற்ற ஒரு வரி இல்லை. கெட்டித்தனத்தைக் காட்டுவதற்காக எழுதிய வரி ஒன்றுகூட இல்லை. நான் வேலை செய்யும் கம்பனியில் எத்தனையோ பேருடைய நிரலை வாசித்திருக்கிறேன். சம்பளமும் பட்டமும் பெரிய ஆட்கள். இவ்வளவு துப்புரவாக எழுதிய ஒருவரை நான் கண்டதில்லை. அதே மேசையில் இருந்தபடி வாசித்தேன். விடுமுறை எடுத்துக்கொண்டு அந்த வாரம் முழுவதும் அதையே செய்தேன்.

திருத்தம் இதுதான். வெளியிலிருந்து அளவு எடுக்கும் எந்தக் கருவியும் இனி ஒரு நிலையில் 'மறுமொழி இல்லை' என்று இருக்கலாம். அப்படி இருந்தால் என்ன செய்வது என்று நிரல் எழுதுபவர் எழுத வேண்டும். எழுதாவிட்டால் வரம்பு ஏற்காது. அவள் எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்திருந்ததால் அதைப் பொருத்துவதற்கு இடம் இருந்தது. சோதித்தேன். சரியாக வேலை செய்தது.

பிழைச்செய்தி எழுதுவதுதான் கடினமாக இருந்தது. எனக்கு அந்தக் குரல் வராது. ஞாயிற்றுக்கிழமை மண்கும்பானுக்குக் கொண்டுபோனேன். மாமி முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். வாசித்துக் காட்டினேன்.

'குறித்த கருவியிலிருந்து மறுமொழி கிடைக்கப்பெறாதவிடத்து மேற்கொள்ளப்படவேண்டிய நடவடிக்கை குறிப்பிடப்படவில்லை.'

"தம்பி, இது அரசாங்கக் கச்சேரியில இருந்து வந்த கடிதம் மாதிரிக் கிடக்கு."

"அதுதான் உங்களிட்டை வந்தனான்."

"என்ன பிழை விட்டவனாம்?"

சொன்னேன். வயர், எலி, குளம், இறால். மாமி மிளகாயைக் கிளறுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்ப, ஒராளைக் கூப்பிட்டவன். மறுமொழி இல்லை. இல்லையெண்டவுடன தன்ர பாட்டுக்கு ஊத்திக்கொண்டிருந்திருக்கிறான்."

"ஓம்."

"எங்கட கடையில மண்ணெண்ணெய் ஊத்தினவனும் இப்பிடித்தான். கான் நிரம்பிட்டுதோ எண்டு கேப்பான், மறுமொழி வராட்டி ஊத்திக்கொண்டே நிப்பான்." கொஞ்சம் யோசித்தார். "எழுதுங்கோ. 'கேட்டனீர், மறுமொழி வரேல்லை. அதுக்காக ஒண்டும் இல்லையெண்டு முடிவெடுக்கிறதோ? மறுமொழி வராட்டி என்ன செய்வீர் எண்டு முதல்ல சொல்லும்.'"

எழுதினேன்.

"கடைசியில 'மடையா' எண்டு போடலாமோ?"

"வேண்டாம், மாமி. வதனி ஒரு இடத்திலயும் போடேல்லை."

"அவள் தேப்பனைப்போல. நல்ல பிள்ளை."

அந்தச் செய்தியை ஆங்கிலத்திலும் எழுதி, அங்கேயே, முற்றத்தில் இருந்தபடி, புதிய பதிப்பை வெளியிட்டேன். பக்கத்தின் கீழே திகதி மாறியது. பிலிப்பைன்ஸ்காரருக்குப் பதில் எழுதினேன். மற்றவர்களுக்கும் ஒவ்வொருவராக எழுதத் தொடங்கினேன்.

திங்கட்கிழமை கூட்டத்துக்கு மண்கும்பானிலிருந்தே சேர்ந்தேன். மாமியின் வீட்டில் அலை நன்றாகக் கிடைக்கும். அதோடு, மாமி அந்தக் கூட்டத்தைத் தவறவிடவும் மாட்டார். கமெராவுக்குப் படாத பக்கமாக அலுமாரியோடு ஒட்டிக் கதிரையைப் போட்டு இருந்தார். திரையில் ஜெனீற்றாவும் தலைமைப் பொறியியலாளரும் வேறு சிலரும். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது.

தலைமைப் பொறியியலாளர் அனுதாபம் சொன்னார். நன்றி என்றேன். பிறகு அவர் நேரே வேலைக்கு வந்தார். எல்லோரும் பார்க்கப் பெட்டியைத் திறந்து, தாங்களே எழுதிய நிரல் ஒன்றை ஒட்டினார். அவர்களுடைய இயந்திரத்தில் உப்பின் அளவைப் பார்க்கும் பகுதி அது. ஏற்கெனவே வேறு மொழியில் எழுதிச் சோதித்து, சரி என்று முடிவு செய்ததை வரம்புக்கு மாற்றியிருந்தார். ஓட்டினார்.

வரம்பு ஏற்கவில்லை. மாமியின் செய்தி ஆங்கிலத்தில் வந்தது.

அவர் வாசித்தார். பக்கத்தில் இருந்த ஒருவரிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். அவர் இல்லை என்று தலையாட்டினார். உப்பு அளக்கும் கருவி பேசாமல் விட்டால் என்ன செய்வது என்று அவர்கள் எங்கும் எழுதியிருக்கவில்லை. அவர்களுடைய பழைய மொழி அதைக் கேட்டதும் இல்லை.

"இந்தச் செய்தியை எழுதியவர் யார்?" என்று கேட்டார்.

"என் மாமியார்," என்றேன்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். குறித்துக்கொண்டார்.

பிறகு தான் கேட்க வேண்டியதைக் கேட்டார். பக்கம் எப்படி இருந்தாலும் தனக்குக் கவலையில்லை, பூக்கள் கொட்டினாலும் பரவாயில்லை; இயந்திரத்தைத் தீவில் வைத்துவிட்டுத் தாங்கள் கொழும்புக்கு வந்துவிடுவோம்; நாளைக்கு மொழியில் ஒரு பிழை வந்தால் தான் யாரைக் கூப்பிடுவது?

"என்னை."

"உங்களுடைய பெயர் பக்கத்தில் எங்கும் இல்லையே."

அது உண்மை. குடும்பத்தினர் வரிசையில் மட்டும் இருந்தது. 'சசிகரனின் பாசமிகு மனைவி' என்ற இடத்தில்.

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முகப்பைத் திறந்து ஒரு வரி சேர்த்தேன். 'ஆக்கியவர்: பிரியவதனி. பராமரிப்பவர்: சசிகரன்.' அவளுடைய பெயரைவிடச் சிறிய எழுத்தில். பக்கத்தைப் புதுப்பிக்கச் சொன்னேன். புதுப்பித்தார். பார்த்தார். தங்களுக்குள் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். திரை மூடியது.

"என்னவாம்?" என்றார் மாமி.

"யோசிச்சுச் சொல்லுவினமாம்."

"என்ன யோசினை? பிழையைப் பிடிச்சுக் குடுத்தாச்சு."

நாங்கள் சோறு தின்றோம். தின்று முடிப்பதற்கு முன்பே ஜெனீற்றா அழைத்தாள். மாமி எச்சில் கையோடு எழும்பி வந்து நின்றார்.

"எடுத்திட்டினம் அண்ணை! முதல் எழுவைதீவு. அது சரியெண்டா மற்ற இயந்திரங்கள் எல்லாத்துக்கும். அவர் என்ன சொன்னவர் தெரியுமோ? எங்கட ஆக்கள் ஒரு வருசமாக் காணாத பிழையை அந்த வெள்ளைப் பக்கம் ஒரு நிமிசத்தில கண்டிட்டுதாம். இனி எல்லாரும் வரம்பு படிக்கவேணுமாம்."

அவளும் ஒரு வருடமாக இதற்காக அங்கே தனியாக நின்றவள். நன்றி என்றேன்.

மாமிக்கு விளக்கினேன். எழுவைதீவில் கடல்நீர் குடிநீராகும். அதை நடத்துவது வதனியின் மொழி.

மாமி கை கழுவப் போனார். கை கழுவியவர் உள்ளே வரவில்லை. வேலிப் பக்கம் போய்விட்டார். பக்கத்து வீட்டு அனோஜினியை உரத்துக் கூப்பிடுவது கேட்டது.

"பிள்ளை அனோஜினி! கேள்விப்பட்டியோ? எழுவைதீவுக்குத் தண்ணி குடுக்கிற மெசினெல்லாம் இனி என்ர மகளின்ர மொழியிலதான் ஓடப்போகுது!"

"மெசினோ? என்ன மொழி அன்ரி, தமிழோ இங்கிலீசோ?"

"ரண்டிலயும் ஏசும்!" என்றார் மாமி. "ஒழுங்கா அளந்து சொல்லாட்டி ஒரு சொட்டும் விடாது. கொழும்பு எஞ்சினியர்மாருக்கே இண்டைக்கு நல்லா விழுந்தது. வா, வந்து பாரன். தம்பி உள்ளுக்கு நிக்கிறார், திறந்து காட்டுவார்."

நான் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, மேசையைத் துடைத்து, மடிக்கணினியைத் திறந்தேன். அனோஜினி வரும் சத்தம் கேட்டது. பெட்டியைத் துப்புரவாக்கி, அவள் எழுதுவதற்கு ஆயத்தமாகத் திருப்பி வைத்தேன்.